காலால் பருகி இலையால் உண்பது

வடமொழியில் மரத்திற்கு வழங்கும் பெயர்களுள் பாதபம் என்பது ஒன்று. தமிழ் அகராதிகளிலும் அச்சொல் இடம்பெற்றுள்ளது. பாதத்தால் பருகுவது என்பது அதன் பொருள். வேர்களைக் கால்களாகவும், மண்ணிலுள்ள நீர் அவற்றின் வழியே மேலேறுவதைப் பருகுதலாகவும் கண்டு நம் முன்னோர் இட்ட பெயர் அது. உழவனும் தோட்டக்காரனும் நாள்தோறும் காண்பதையே அச்சொல் கூறுகிறது. வேருக்கு நீர் வார்த்தால் செடி தழைக்கிறது, வாராவிடில் வாடுகிறது. ஆகவே அப்பெயரில் பிழை ஏதுமில்லை. ஆயினும் அது பாதி உண்மையே. மரம் காலால் பருகுகிறது, உண்பதோ இலையால். இந்த மறுபாதியை மனிதன் அறிந்துகொள்வதற்கு நெடுங்காலம் ஆயிற்று. அது எவ்வாறு அறியப்பட்டது, அந்த அறிவு நம் நாட்டு மக்களின் உணவோடு எவ்வாறு தொடர்புறுகிறது என்பதை இங்குச் சிறிது காண்போம்.

கிரேக்க நாட்டு அறிஞரான அரிஸ்டாட்டிலும் ஏறத்தாழ நம் முன்னோரைப் போலவே எண்ணினார். வேரே தாவரத்தின் வாய் என்பது அவர் கருத்து. தாவரத்திற்கு வேண்டிய உணவு மண்ணிலேயே பக்குவமாக அமைந்திருக்கிறது. வேர் அதனை ஈர்த்துக்கொள்கிறது. அவ்வாறாயின் இலை எதற்கு? கனிகளுக்கு நிழல் தந்து காக்கும் பொருட்டே இலைகள் அமைந்தன என்று அவர் கூறினார். அவருக்குப் பின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் வரை ஐரோப்பிய அறிஞர் பெரும்பாலோர் இக்கொள்கையை ஐயுறவில்லை. உலகில் கண்ணுக்கு மிகுதியாகத் தென்படும் பொருள்களுள் ஒன்றான இலைக்கு, அக்காலம் முழுவதும் குடைக்குரிய வேலை ஒன்றே தரப்பட்டிருந்தது.

பதினேழாம் நூற்றாண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரத்தவரான வான் ஹெல்மாண்ட் என்பவர் தராசைக் கொண்டு இக்கொள்கையைச் சோதித்தார். நன்கு உலர்த்திய 200 ராத்தல் மண்ணை ஒரு தொட்டியில் இட்டு, அதில் 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டார். ஐந்தாண்டுகள் நீர் மட்டுமே வார்த்து வந்தார். பின்னர் மரத்தைப் பிடுங்கி நிறுத்தபோது அது 169 ராத்தலும் ஏறத்தாழ 3 அவுன்சும் இருந்தது. மண்ணை மீண்டும் உலர்த்தி நிறுத்தார். அதில் 2 அவுன்சு அளவே குறைந்திருந்தது. மரம் மண்ணைத் தின்று வளரவில்லை என்பது இவ்வாறு தெளிவாயிற்று. எனினும் நீரே முழுவதும் மரமாக மாறியது என்று அவர் முடிவு கட்டினார். அவர் 1644-ஆம் ஆண்டில் காலமானார். அவருடைய மகன் 1648-இல் வெளியிட்ட நூலின் வாயிலாக உலகம் இச்சோதனையை அறிந்தது. இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. கட்டை எரியும்போது கண்ணுக்குப் புலனாகாமல் வெளிப்படும் ஆவியை ஆராய்ந்து, அதற்குக் காஸ் என்ற பெயரை வழங்கியவரும் அவரே. அதனை இன்று நாம் கரியமிலவாயு என்கிறோம். மரத்தின் உடல் பெரும்பகுதியும் அந்த வாயுவிலிருந்தே உருவாயிற்று என்பது மட்டும் அவருக்குப் புலப்படவில்லை.

அடுத்த முன்னேற்றம் நுண்ணோக்கியால் ஏற்பட்டது. இத்தாலியில் பொலோனா நகரத்து மருத்துவரான மால்பிகியும், இங்கிலாந்தின் மருத்துவரான நெஹெமையா குரூவும் ஒரே காலத்தில் தாவரத்தின் உட்கூறுகளை ஆராய்ந்தனர். இருவருடைய ஆய்வுரைகளும் 1671-ஆம் ஆண்டு இறுதியில் இலண்டன் இராயல் சங்கத்தை அடைந்தன. இலையின் தோலில் நுண்ணிய வாயில்கள் இருப்பதை இருவரும் கண்டனர். வேரிலிருந்து வரும் சாறு இலையில்தான் பக்குவமடைகிறது என்றும் மால்பிகி கருதினார். இலை வெறும் குடையன்று, அஃது ஓர் அடுக்களை என்ற எண்ணம் அவருடைய எழுத்துக்களில் அரும்புகிறது.

அவர்கள் கண்டதையும், பின்வந்தோர் மேலும் தெளிவாக அறிந்ததையும் சேர்த்து, இலையின் அமைப்பை ஈண்டு ஒருமுறை பார்த்துவிடுவது நலம். ஓர் இலையைக் குறுக்கே மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், மேலே ஒளி புகத்தக்க தோல் ஒன்று தெரியும். ஓட்டு வீட்டின் கூரையில் வெளிச்சத்திற்காகப் பதிக்கும் கண்ணாடி ஓட்டைப் போன்றது அது. அதன்மேல் நீர் கசியாதபடி மெழுகுப் பூச்சு உண்டு. தோலுக்குக் கீழே நீண்ட உயிரணுக்கள் வேலிக்கால்களைப் போல நெருக்கமாக நிற்கின்றன. பச்சையம் இவற்றில்தான் மிகுதி. அவற்றிற்கும் கீழே உயிரணுக்கள் இடைவெளி விட்டுத் தளர்வாக அமைந்திருக்கும். அவ்விடைவெளிகளில் காற்று உலவுகிறது. இவற்றினூடே நரம்புகள் ஓடுகின்றன. அரசிலையைப் பல நாள் நீரில் ஊறவைத்துச் சதைப்பகுதியை நீக்கினால் சல்லடை போன்ற வலை ஒன்று எஞ்சும்; அதன்மீது ஓவியம் தீட்டுவது நம் நாட்டில் பழகிய கலை. அந்த வலையே இலையின் நரம்பு மண்டலம். அதிலுள்ள ஒருவகைக் குழாய்கள் நீரைக் கொணர்கின்றன. மற்றொரு வகைக் குழாய்கள் இலையில் ஆக்கிய சர்க்கரையைத் தாவரத்தின் பிற உறுப்புக்களுக்குக் கொண்டு செல்கின்றன.

இலையின் அடிப்புறத் தோலில் இலைத்துளைகள் உள்ளன. பல தாவரங்களில் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் 100 முதல் 300 வரை இத்துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையின் இருபுறமும் அவரை விதை வடிவில் இரண்டு காப்பணுக்கள் உள்ளன. அவை நீரால் பருக்கும்போது துளை திறக்கிறது. நீர் குறைந்து தளரும்போது மூடிக்கொள்கிறது. இத்துளை இந்த வரலாற்றில் பின்னர் மீண்டும் வரும்.

அமைப்புத் தெரிந்தது, தொழில் தெரியவில்லை. இலண்டனுக்கு அருகே டெடிங்டன் எனும் ஊரில் திருச்சபைப் பணியாற்றிய ஸ்டீபன் ஹேல்ஸ் என்பவர் தொட்டியில் வளர்ந்த சூரியகாந்திச் செடி ஒன்றைக் காலையும் மாலையும் நிறுத்து வந்தார். பகற்பொழுதின் பன்னிரண்டு மணி நேரத்தில் அது சராசரி 20 அவுன்சு நீரை ஆவியாக வெளியேற்றியது. சம பருமன் கொண்டு கணக்கிட்டால் மனித உடல் வெளியேற்றுவதைக் காட்டிலும் இது பதினேழு மடங்கு என்று அவர் கூறினார். 1727-இல் வெளிவந்த அவருடைய நூலில் மற்றொரு கருத்தும் இருந்தது. தாவரம் தன் உணவின் ஒரு பகுதியை இலைகளின் வழியே காற்றிலிருந்து பெறக்கூடும் என்பது அது. அவர் அதனை மெய்ப்பிக்கவில்லை; ஐயமாகவே விட்டுச் சென்றார்.

கண்முன் நிகழ்வதும் கருத்தில் படாமற் போகலாம் என்பதற்கு ஜெனீவா நகரத்து ஷார்ல் பொன்னே ஒரு சான்று. இலைகளை நீரில் அமிழ்த்தி வெயிலில் வைத்தபோது அவற்றின்மீது குமிழிகள் திரள்வதை அவர் கண்டார். காய்ச்சி ஆறிய நீரில் வைத்தபோது குமிழிகள் தோன்றவில்லை. ஆகவே நீரில் கலந்திருந்த காற்றே இலைமீது ஒட்டிக்கொண்டது என முடிவு செய்து, 1754-இல் வெளியிட்ட நூலில் அவ்வாறே எழுதினார். இலை வெளியிட்ட பிராணவாயுவையே அவர் கண்டார். அந்த வாயுவை இனங்காணும் வேதியியல் அப்போது பிறக்கவில்லை.

பதினேழு ஆண்டுகள் கழிந்தன. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1771-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள், மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த காற்றினுள் ஜோசப் பிரீஸ்ட்லி புதினாக் கொத்து ஒன்றை வைத்தார். பத்து நாள்களுக்குப் பின் அதே காற்றில் மெழுகுவர்த்தி நன்றாக எரிந்தது. எரிதலாலும் மூச்சினாலும் கெட்டுப்போன காற்றைத் தாவரம் செப்பனிடுகிறது என்பது மிகப் பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் அதே சோதனையை மீண்டும் செய்தபோது சில வேளை பலித்தது. சில வேளை பலிக்கவில்லை. காரணம் அவருக்கு விளங்கவில்லை.

காரணத்தைக் கண்டவர் யான் இங்கென்ஹவுஸ் எனும் டச்சு நாட்டு மருத்துவர். 1768-இல் வியன்னா அரச குடும்பத்தாருக்கு அம்மைக் காப்பு செய்து, பேரரசி மரியா தெரசாவின் மதிப்பைப் பெற்றவர் அவர். 1779-ஆம் ஆண்டு கோடையில் இங்கிலாந்தில் தங்கி, 500-க்கு மேற்பட்ட சோதனைகளை அவர் செய்தார். காற்றைச் செப்பனிடுவது தாவரத்தின் பசுமையான உறுப்பு மட்டுமே. அதுவும் சூரியவொளி பட்டால்தான். இருளில் தாவரமும் நம்மைப் போலவே காற்றைக் கெடுக்கிறது என்பன அவர் கண்ட முடிவுகள். பிரீஸ்ட்லியின் சோதனையில் தவறியது ஒளியே என்று இப்போது நமக்குத் தெரிகிறது.

வெளிவரும் வாயு தெரிந்தது, உட்செல்வது எது? ஜெனீவாவின் சமயகுருவும் நூலகருமான செனெபியே 1782-இல் இதற்கு விடை கூறினார். கரியமிலவாயு கலந்த நீரில்தான் இலை பிராணவாயுவை வெளியிடுகிறது என்று அவர் காட்டினார். பொன்னேயின் காய்ச்சிய நீர் ஏன் குமிழியைத் தரவில்லை என்பதும் இதனால் விளங்கிற்று. நீரைக் காய்ச்சும்போது கரியமிலவாயு வெளியேறிவிடுகிறது. உணவின்றி இலை வேலை செய்யவில்லை. பின்னர் அதே ஜெனீவாவில் தியோடோர் த சொசூர் தராசைக் கையில் எடுத்தார். தாவரம் உட்கொள்ளும் கரியமிலவாயுவின் எடையையும், அது பெருகும் எடையையும் கணக்கிட்டபோது, வாயுவால் மட்டும் அப்பெருக்கம் ஏற்படவில்லை. நீரும் தாவரத்தின் உடலில் சேர்கிறது என்பது 1804-இல் நிறுவப்பட்டது. வான் ஹெல்மாண்டின் தொட்டியில் தொடங்கிய கணக்கு இவ்வாறு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் நேர்செய்யப்பட்டது. அவர் கருதியபடி நீரும் மரமாயிற்று. அவர் கருதாத காற்றும் மரமாயிற்று.

ஒளியின் பங்கு பின்னர் விளங்கியது. தாவரம் சூரியவொளியின் ஆற்றலைச் சேமித்து வைக்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் மேயர் 1845-இல் எழுதினார். 1860-களில் ஜூலியஸ் ஸாக்ஸ், இலையின் ஒரு பாதியை மறைத்து மறுபாதியை வெயிலில் வைத்தார். பின் பச்சையத்தை நீக்கி அயோடின் ஊட்டினார். வெயில் பட்ட பாதி மட்டும் கருநீலமாயிற்று. மாப்பொருள் அங்கேதான் உண்டாகியிருந்தது. நம் பள்ளிச் சிறுவர் இன்றும் இச்சோதனையைச் செய்கின்றனர்.

இவ்வளவு தெரிந்த பின்னரும் இத்தொழிலுக்குத் தனிப்பெயர் இல்லை. உணவு செரித்து உடலில் சேர்வதற்கும் இதற்கும் ஒரே சொல்லே வழங்கியது. 1893-இல் அமெரிக்கத் தாவரவியலாரான சார்லஸ் பார்ன்ஸ் இக்குழப்பத்தைச் சுட்டிக்காட்டிப் புதிய சொல் வேண்டும் என்றார். அவர் விரும்பிய சொல்லை உலகம் ஏற்கவில்லை. உடன் வழங்கிய மற்றொன்றை ஏற்றது. அதனையே தமிழில் ஒளிச்சேர்க்கை என்கிறோம். ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழியில் பெயர்ப்பதைத் தொழிலாகக் கொண்ட எம்போன்றோர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. பெயர் பாதியைச் சொன்னால், பார்வையும் பாதியிலேயே நின்றுவிடக்கூடும்.

இனி, முன்னர்க் கூறிய இலைத்துளைக்கு வருவோம். கரியமிலவாயு காற்றில் மிக அரிதாக உள்ள பொருள். இன்றும் பத்தாயிரம் பங்கில் நான்கு பங்கைச் சற்றே கடந்த அளவே அது. அதனைப் பெறுவதற்கு இலை தன் துளைகளைத் திறந்தாக வேண்டும். திறந்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் போகிறது. வேர் ஈர்க்கும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் இவ்வாறே வெளியேறுகிறது. மூடினால் நீர் தங்கும்; ஆனால் உணவு இல்லை. உண்பதும் நீரை இழப்பதும் ஒரே வாயிலால் நடைபெறுகின்றன. மழை தவறும் ஆண்டுகளில் நம் நாட்டு வயல்களில் நேரும் துன்பத்தின் வேர் இத்துளையில் உள்ளது எனலாம். பயிர் முற்றிலும் காய்ந்து போவதற்கு முன்பே, துளைகளை மூடிக்கொண்டு பசித்திருக்கத் தொடங்குகிறது.

இந்த இக்கட்டிலிருந்து சில தாவரங்கள் தப்பும் வழியைக் குறிக்கும் தடயம் ஒன்று நம் நாட்டிலேயே முன்னர்க் கிடைத்தது. வானொலி அலைகளைப் பற்றிய ஆய்வினால் புகழ்பெற்ற ஜகதீச சந்திர போஸ், பிற்காலத்தில் தாவரங்களின்பால் கருத்தைச் செலுத்தினார். 1917-இல் கல்கத்தாவில் தம் ஆய்வு நிலையத்தை நிறுவினார். குளங்களில் நீருக்குள் வளரும் ஹைடிரில்லா எனும் செடியை எடுத்து, அது வெளியிடும் பிராணவாயுவின் அளவைத் தானே பதிவு செய்யும் கருவியை அமைத்தார். குளிர்காலத்துச் செடியும் கோடைகாலத்துச் செடியும் ஒரே தன்மையில் தொழிற்படவில்லை என்பதை அக்கருவி காட்டிற்று. கோடைச் செடியில் மாலிக் அமிலம் எனும் புளிப்புப்பொருள் இருந்தது. அச்செடி கரியமிலவாயுவை மேலும் திறமையாகப் பயன்படுத்தியது. அந்த அமிலமே கரியமிலவாயுவுக்கு ஈடாக உதவக்கூடும் என்று போஸ் கருதினார். ஒளிச்சேர்க்கை பற்றி 1924-இல் அவர் வெளியிட்ட நூலில் இவை இடம்பெற்றன.

அந்நூல் பெற்றிருக்க வேண்டிய கவனத்தைப் பெறவில்லை. தாவரங்களுக்கும் நரம்புணர்ச்சி உண்டு என்றும், உயிரணுக்களின் துடிப்பாலேயே சாறு மேலேறுகிறது என்றும் போஸ் கூறியவை அக்காலத்தில் பெரும் விவாதத்தை எழுப்பின. சாறேற்றம் பற்றிய அவர் கொள்கையைப் பின்வந்தோர் ஏற்கவில்லை. தாவரங்களில் மின்சைகைகள் ஓடுகின்றன என்பதையோ இன்றைய அறிவியல் உறுதி செய்துள்ளது. இவ்விவாதங்களின் ஆரவாரத்தில் ஒரு குளத்துச் செடியின் கோடைக்கால இயல்பைப் பற்றிய குறிப்பு ஒதுங்கிக் கிடந்தது. அன்றியும், அதற்குப் பொருள் காண வேண்டிய அடிப்படை அறிவும் அப்போது எங்கும் இல்லை.

அந்த அறிவு மெல்ல வந்தது. இலை வெளியிடும் பிராணவாயு நீரிலிருந்தே பிரிகிறது என்பதை 1941-இல் அமெரிக்காவில் ரூபனும் காமனும் அவர்தம் தோழரும் சோதனையால் காட்டினர். கதிரியக்கக் கரியைப் பயன்படுத்திக் கரியமிலவாயு சர்க்கரையாகும் படிகளை மெல்வின் கால்வினும் அவருடைய உடனுழைப்பாளரான பென்சன், பாஸ்ஹாம் ஆகியோரும் வரிசையாகக் கண்டறிந்தனர். 1961-இல் கால்வினுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் கரும்பு அவ்வரிசைக்கு உட்படவில்லை. 1965-இல் ஹவாய்த் தீவின் ஆய்வாளரும், 1966-இல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவரும் அதன் காரணத்தை வெளியிட்டனர். கரும்பின் இலை, கரியமிலவாயுவை முதலில் மாலிக் அமிலம் போன்ற அமிலங்களாக்கிப் பிடித்து வைக்கிறது; பின்னர் நரம்பைச் சூழ்ந்த அணுக்களுக்குள் அதனைச் செறிவாக விடுவித்துச் சர்க்கரையாக்குகிறது. இவ்வாறு நரம்பைச் சுற்றி மாலை போல் அணுக்கள் அமைந்திருப்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஹாபர்லாண்ட் எனும் ஆஸ்திரியத் தாவரவியலார் கண்டு, மாலை என்றே பெயரிட்டிருந்தார். அதன் தொழில் என்ன என்பது தெரிய எண்பது ஆண்டுகள் சென்றன. இம்மாலை அமைப்பு ஹைடிரில்லாவில் இல்லை. ஆயினும் வெப்பமும் கரியமிலவாயுக் குறைவும் நேரும்போது அதுவும் இதே வகை வேதிவழியை மேற்கொள்கிறது என்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தெளிவாயிற்று. போஸின் கருவி பதிவு செய்தது மெய்யே.

இந்த அமைப்பினால் விளையும் பயன் யாது? வாயுவை விரைவாகப் பிடித்துச் சேமிக்க வல்ல இலை, துளைகளை அகலத் திறந்து வைக்க வேண்டியதில்லை. அதே அளவு உணவை ஆக்குவதற்கு, நெல்லின் இலையோ கோதுமையின் இலையோ செலவிடும் நீரில் ஏறத்தாழப் பாதியே அதற்குப் போதுமானது. சோளம், கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளம் ஆகியவை கரும்பைப் போன்று இவ்வகையைச் சேர்ந்தவை. இராஜஸ்தானத்தின் மணற்பாங்கான நிலத்தில் கம்பும், தக்காணத்தின் கரிசலில் சோளமும், மைசூர்ப் பீடபூமியில் கேழ்வரகும் நிலைத்து நின்றது தற்செயலன்று. இலைத்துளையையும் மாலிக் அமிலத்தையும் அறியாத உழவர், எந்தப் பயிர் வறட்சியைத் தாங்கும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டு தேர்ந்தனர். நாமோ இடைக்காலத்தில் அவற்றை ஏழையின் தானியம் என்று ஒதுக்கினோம். இந்தியாவின் முன்மொழிவை ஏற்று ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோதுதான் பலர் அவற்றை மீண்டும் திரும்பிப் பார்த்தனர். நெல்லின் இலையிலும் இந்த வழியை அமைக்க இயலுமா என்று விஞ்ஞானிகள் இந்நூற்றாண்டில் முயன்று வருகின்றனர். அம்முயற்சி இன்னும் கைகூடவில்லை.

இவ்வரலாற்றைத் திரும்பிப் பார்க்கையில் ஒன்று புலனாகிறது. இலையின் தொழிலை முழுமையாகக் கண்டவர் என்று எவரையும் சுட்ட இயலாது. வான் ஹெல்மாண்ட் காற்றை விட்டார். பொன்னே குமிழியைப் பிழையாக உணர்ந்தார். பிரீஸ்ட்லி ஒளியை விட்டார். போஸ் கண்டதற்கு உலகம் காரணம் கேட்கவில்லை. எனினும் ஒவ்வொருவரும் தாம் கண்டதைக் கண்டவாறே எழுதி வைத்தனர். முடிவு தவறாயினும் குறிப்பு மெய்யாக இருந்தமையால், பின்வந்தவர் அதிலிருந்து மேற்செல்ல முடிந்தது.

பாதபம் என்ற பழைய பெயரை நாம் மாற்ற வேண்டியதில்லை. மரம் காலால் பருகுவது இன்றும் உண்மையே. பருகிய நீரையும் பிடித்த காற்றையும் வெயிலால் சமைக்கும் இடம் இலை என்பதை அதனோடு சேர்த்து நினைவிற் கொள்வோமாக. அந்த அடுக்களையின் வாயில் திறந்திருக்கும் வரையில்தான் நம் வீட்டு அடுக்களையிலும் உலை கொதிக்கும்.